பேஸ்மட்டத்தில் நின்ற வீடு: தலைஞாயிறு நாட்குறிப்பு

முதல் நாள், திங்கள்

நேற்றிரவு எழும்பூரில் மன்னை விரைவு வண்டியில் ஏறிய நாங்கள் பதினொரு பேரும் விடிவதற்கு முன்பே திருவாரூரில் இறங்கினோம். அங்கிருந்து திருத்துறைப்பூண்டிக்கு ஒரு பேருந்து, பிறகு தலைஞாயிறுக்கு இன்னொன்று, கடைசியாகச் சிமெண்ட் மூட்டைகளோடு ஒரு குட்டியானை வண்டியின் பின்புறம் என்று ஊர் வந்து சேரும்போது மாசிப் பனி முழுவதும் விலகியிருந்தது. சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாள்களுக்கு நடுவே உளுந்தும் பயறும் பச்சை கட்டியிருக்கின்றன. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பைகளை வைத்துவிட்டு நேரே மனைக்குச் சென்றோம்.

எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரத்தில் நிவாரணப் பொருட்களோடு இந்தப் பக்கம் வந்தவர்களில் சிலர், அரிசியும் போர்வையும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவதில் மனம் நிறையாமல், ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து ஏதேனும் ஒரு வீட்டின் சுவரில் கை வைத்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தோம். இப்போது ஆசிரியர்கள் மூவர், பாலிடெக்னிக் மாணவர்கள் இருவர், ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர், மற்றவர்கள் வெவ்வேறு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள்.

மனையில் நாங்கள் பார்த்தது தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றுவிட்ட ஓர் அடித்தளம். இங்கே எல்லோரும் அதைப் ‘பேஸ்மட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஐந்து மாதங்களாக அது அப்படியே இருக்கிறது. உள்ளே நிரப்பிய மண்ணில் எருக்கு முளைத்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய கீற்றுக் குடிசையில் ஒரு பாட்டியும், அவருடைய மகளும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் இருக்கிறார்கள். மருமகன் திருப்பூரில் சாயப்பட்டறை வேலையில் இருக்கிறார்.

வீடு ஏன் நின்றது என்பதை, நாங்கள் அக்கா என்று அழைக்கும் அந்த மகள் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னார். குடிசையில் வாழ்பவர்களுக்காக 2024-25ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் இவர்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை என்பது திட்டத்தின் அளவு. பணம் வேலையின் நிலையைப் பார்த்துத் தவணை தவணையாக வரும். கொடுத்த பணம் வீடாகத்தான் மாற வேண்டும் என்ற நோக்கத்தில் வைத்த விதி அது. அதில் குறை காண முடியாது. ஆனால் ஒரு நிலையை முடித்த பிறகுதான் அதற்குரிய பணம் வருமென்றால், முடிப்பதற்கான பணம் முதலில் கையில் இருக்க வேண்டும். இவர்கள் வட்டிக்கு வாங்கிப் பேஸ்மட்டம் போட்டார்கள். வந்த தவணை வட்டிக்காரருக்குப் போய்விட்டது. வாசல், சன்னல்களுக்கு மேலே கான்கிரீட் உத்தரம் வரும் உயரமான லிண்டில் மட்டம் வரை சுவர் எழுப்பினால் அடுத்த தவணை வரும். சுவர் எழுப்பக் கையில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் பூமி பூசை போடும்போதும் திறப்பு விழாவின்போதும் வந்து நிற்க ஆட்கள் உண்டு. இந்த இடைவெளியில்தான் யாரும் இருப்பதில்லை. நாங்கள் வந்திருப்பது இந்த நான்கரை அல்லது ஐந்தாயிரம் செங்கலுக்காகத்தான்.

இரண்டாம் நாள், செவ்வாய்

காலை ஆறரைக்கு மேஸ்திரியும் இன்னொரு கொத்தனாரும் வந்தார்கள். கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் கூலி பேசியிருக்கிறோம். சித்தாள் வேலை முழுவதும் எங்களுடையது. அறுநூறு ரூபாய் வீதம் நான்கு சித்தாள்களுக்குப் போக வேண்டிய கூலி மிச்சமானால் அது கம்பிக்கும் சிமெண்டுக்கும் ஆகும் என்பதே கணக்கு. பதினொரு பேர் சேர்ந்து நான்கு சித்தாள்களின் வேலையைச் செய்கிறோம் என்பதையும் இங்கே பதிந்து வைக்க வேண்டும். அந்த வேலையை நாள்தோறும் செய்கிற பெண்கள் தலையில் எட்டுக் கல்லைச் சுமந்துகொண்டு ஏணியில் கைவிட்டு ஏறுகிறார்கள். கல் ஒன்று மூன்று கிலோ.

எருக்கைப் பிடுங்கி, அடித்தளத்தைக் கழுவி, மூலைகளுக்கு நூல் பிடித்தோம். மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க மேஸ்திரி ஒரு பக்கத்தில் மூன்றடியும் மறுபக்கத்தில் நான்கடியும் அளந்து குறி போட்டு, இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்காக நாடாவைப் பிடித்தார். ஐந்தடி வர வேண்டும். ஒரு மூலையில் கால் அங்குலம் கூடியது. பள்ளியில் பித்தாகரசின் பெயரால் நான் படித்த கணக்கு, பள்ளிக்கே போகாத ஒருவரின் கையில் நாடாவாக இருப்பதைக் கணித ஆசிரியரான எங்கள் குழுத் தோழி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரை எலிப்பொறிக் கட்டு முறையில் எழுப்புகிறோம். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்தியாவில் பரவலாக்கிய முறை இது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, வெளிப்பக்கம் ஒன்றும் உட்பக்கம் ஒன்றுமாக நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லால் இரண்டையும் பிணைக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மூன்று அங்குலப் பொந்து உண்டாகும். வழக்கமான சுவருக்கு நான்கு கல் ஆகும் இடத்தில் மூன்று போதும். பொந்தில் அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாது. அடி வரியும், சன்னலுக்குக் கீழ் வரியும், லிண்டிலுக்குக் கீழ் வரியும் மட்டும் பொந்தில்லாமல் கட்டப்படும். புயல் வருகிற ஊர் என்பதால் மூலைப் பொந்துகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும் என்று எங்கள் வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்த பொறியாளர் சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரிக்கு இந்தக் கட்டு புதிதல்ல. கேரளத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். இன்னொரு கொத்தனாருக்குத்தான் ஐயம் தீரவில்லை. “உள்ள ஓட்டையா இருக்குற செவுரு எப்படிண்ணே நிக்கும்?” என்று கேட்டார். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. “மூங்கில் நிக்கலயா?” என்று பாட்டிதான் குடிசைக்குள்ளிருந்து சொன்னார்.

மூன்றாம் நாள், புதன்

நேற்றிரவே நீரில் போட்டு வைத்த செங்கற்களைக் காலையில் எடுத்துத் தண்ணீர் வடிய அடுக்கினோம். உலர்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். பிறகு சிமெண்ட் இறுகாமல் மாவாக உதிரும். “கல்லு தண்ணி குடிச்சு அடங்கணும் தம்பி. தாகமா இருக்குற கல்லு கலவையக் குடிச்சிரும்” என்று மேஸ்திரி சொன்னதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை.

இன்று நான் ஒரு தவறு செய்தேன். மதியத்துக்கு மேல் கொத்தனார் ஒருவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்ததால், உட்சுவரில் நூல் கட்டிக் கொடுத்து மூன்று வரி வைக்கச் சொன்னார்கள். கல்லை நிமிர்த்தி வைப்பதில் கவனம் வைத்த நான் தூக்குக்குண்டைப் பார்க்கவில்லை. மாலையில் மேஸ்திரி வந்து குண்டைத் தொங்கவிட்டபோது மூன்றாவது வரி அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் கரணையின் பின்புறத்தால் தட்டி மூன்று வரிகளையும் எடுத்துவிட்டார். வீணான கலவை இரண்டு சட்டி. அந்தச் சிமெண்ட் இந்தக் குடும்பத்தின் சிமெண்ட். நல்ல எண்ணத்தோடு வந்திருப்பது கோணலான சுவரை நேராக்காது. நாளை முதல் நான் கலவை போடுவதையும் கல் சுமப்பதையும் மட்டும் செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் கவர் பிளாக் செய்தாள். பலகையின்மேல் சாந்தை ஓர் அங்குலக் கனத்துக்கு வழித்து, இறுகுவதற்குள் கரணையால் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியைச் செருகி வைத்தாள். நூற்றிருபது வந்தது. காய்ந்ததும் அவற்றை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, இவை எதற்கு என்று கேட்டாள். லிண்டில் கம்பி கட்டும் நாளில் காட்டுவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள், வியாழன்

இன்றைய நாள் தண்ணீரைப் பற்றியது.

குடத்தில் பிடிக்கும் குடிநீர்க் குழாய் நேற்று மாலை முதல் வரவில்லை. கலவைக்கு வைத்திருந்த தொட்டியும் காலியாகிவிட்டதால், வண்டி வைத்திருக்கும் ஒருவர் உதவி செய்ய எண்ணி இரண்டு பீப்பாய் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் இருவர் சிமெண்டையும் மணலையும் ஒன்றுக்கு ஆறு என்று புரட்டி, நடுவில் குழி பறித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டோம். மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்து பீப்பாயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“கரிக்குது. இது ஆகாது. கலவைய எடுத்துத் தெருவுல பள்ளத்துல கொட்டுங்க.”

ஒரு மூட்டைச் சிமெண்டின் கலவை அது. யாருக்கும் கொட்ட மனம் வரவில்லை. அவர் எங்களைப் பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போனார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தொகுப்பு வீடு ஒன்று. உள்ளே விட்டத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கூரையின் அடிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்திருக்க, கம்பிகள் துரு ஏறி உப்பி, செதில் செதிலாக உரிந்துகொண்டு நின்றன. ஒரு கம்பியை அவர் விரலால் நிமிண்டியபோது சிவந்த பொடி எங்கள் முகத்தில் விழுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வீடிருந்தும் இரவில் வாசலில் படுக்கிறார்கள். தலைக்கு மேலே எப்போது எந்தப் பாளம் விழும் என்று தெரியாது.

உப்பு செய்கிற வேலை இது. நீரில் அல்லது மணலில் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் போய்விட்டால், கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தன்மை பயனற்றுப் போகிறது. துரு ஏறிய கம்பி முன்பிருந்ததைவிடப் பருத்து, தன்னைப் பொதிந்திருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடலோரத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் தண்ணீரைத்தான் தேட வேண்டும்.

இந்த மண்ணில் உப்பு ஏறியதற்குக் கடல் மட்டும் காரணமில்லை. 1990களில் கடலோர வயல்களை இறால் பண்ணைகளாக்கி உப்பு நீரைத் தேக்கியபோது நிலத்தடி நீரும் கெட்டது. அதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வயலில் உழைப்பவர்களின் வாழ்வாதாரம் என்று மட்டுமே அந்தப் போராட்டத்தை நான் எண்ணியிருந்தேன். அந்த உப்பு கூரைக் கம்பி வரைக்கும் வரும் என்பதை இன்று தலையை அண்ணாந்து பார்த்த பிறகுதான் அறிந்தேன்.

கலவையைப் பள்ளத்தில் கொட்டினோம். மின்வாரியப் பெரியவர் திருத்துறைப்பூண்டி சாலையிலிருந்து நன்னீர் லாரி ஒன்றைப் பேசி அழைத்து வந்தார். மூன்று மணி வரை சுவர் வேலை இல்லை. அந்த நேரத்தில் மணலையும் அலசிப் பார்த்தோம். மேஸ்திரி அதையும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் துப்பிவிட்டு, “இது ஆத்து மணலு, குத்தமில்ல” என்றார்.

ஐந்தாம் நாள், வெள்ளி

எட்டாவது வரி முடிந்தது. சுவர் என் இடுப்புக்கு மேலே வந்துவிட்டதால் அறைகள் அறைகளாகத் தெரிகின்றன. அடுப்படி எங்கே, கூடம் எங்கே என்று அக்கா வெறும் தரையில் நடந்து நடந்து பார்க்கிறார்.

பாட்டி ஒன்று கேட்டார். கிழக்குச் சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி வேண்டும். வரைபடத்தில் அது இல்லை. மேஸ்திரி இரண்டு கல்லை உள்வாங்கி வைத்து, மேலே ஒரு கல்லைக் கிடைமட்டமாகப் பாவிக் கால் மணி நேரத்தில் மாடம் செய்துவிட்டார். செலவு எதுவும் ஆகவில்லை. வீடுகளை நூற்றுக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கும்போது விட்டுப்போவது இப்படிப்பட்ட ஒரு மாடக்குழிதான். ஆளுக்கு ஆள் அது மாறும்.

ஆறாம் நாள், சனி

நேற்றிரவு திருப்பூரிலிருந்து புறப்பட்ட மருமகன் விடியற்காலையில் வந்து இறங்கி, முகம் கழுவியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் எடுக்க வந்துவிட்டார். உறங்கிவிட்டு வரச் சொன்னோம், கேட்கவில்லை. அக்காவும் பேத்தியும் இந்த ஆறு நாட்களில் உழைத்ததோடு அவருடைய இன்றைய உழைப்பையும் சேர்த்து எண்ணினால் எங்களில் பாதிப் பேரின் உழைப்புக்கு மேல் வரும்.

உலகெங்கும் தன்னார்வலர்களைக் கொண்டு வீடு கட்டுகிற ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கப்பட்ட நாள் முதல் இதைத்தான் விதியாக வைத்திருக்கிறது: வீடு பெறும் குடும்பம் தன் உழைப்பையும் பங்காகத் தர வேண்டும். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006இல் புனேக்கு அருகே லோணாவளாப் பகுதியில் நூறு வீடுகள் கட்டும் பணியில் வந்து கலந்துகொண்டதும் அந்த அமைப்பின் வழியாகத்தான். இங்கே அதை யாரும் விதியாகச் சொல்லவில்லை. “எங்க வூட்டுக்கு நாங்க சும்மா ஒக்காந்து பாக்குறதா?” என்று அக்கா கேட்டது முதல் நாளே நடந்தது.

மாலையில் பதினேழாவது வரி முடிந்து, லிண்டில் மட்டம் தொட்டாயிற்று. வாங்கிய 4,500 செங்கல்லில் 300க்கு மேல் மிச்சம் இருக்கிறது. வழக்கமான கட்டாக இருந்தால் இன்னும் ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாம் நாள் ஐயப்பட்ட கொத்தனார், தன் அக்கா வீட்டுக்கும் இப்படியே கட்டலாமா என்று மேஸ்திரியிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள், ஞாயிறு

கொத்தனார்களுக்கு விடுமுறை. சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். நாங்கள் வேன் ஒன்றில் கீழ்வெண்மணிக்குப் போய் வந்தோம்.

போக வேண்டும் என்று சொன்னவர் பாட்டி. எங்களோடு அவரும் வந்தார். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் அங்கே ஒரே குடிசைக்குள் தீயில் கருகி இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தாக்க வந்தவர்களுக்கு அஞ்சி ஒளிய அவர்களுக்குக் கிடைத்தது கீற்றுக் கூரையும் மண் சுவரும் கொண்ட அந்த ஒரு குடிசைதான். நினைவிடத்தில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தோம். பாட்டி வாசிக்கத் தெரியாதவர். பேசாமல் பக்கத்தில் நின்றார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பயணத்தின் மையமாகத் தோன்றுகிறது. அவர் மணமாகி வந்த காலத்தில் குடிசை இருந்த மனை பண்ணையாருடையது. வேலைக்கு வரவில்லை என்றால் மனையை விட்டு இறங்கச் சொல்லலாம். குடிசையைக் கல் வீடாக்கும் எண்ணம் யாருக்கும் வராது. இறங்கச் சொன்னால் தூக்கிக்கொண்டு போக முடியாத எதையும் மனையில் வைப்பதில்லை. 1971இல் தமிழக அரசு கொண்டுவந்த குடியிருப்பு அனுபவதாரர் சட்டம், விவசாயத் தொழிலாளர்கள் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. அந்த மனைக்கு வாங்கிய பட்டாவைத்தான் பாட்டி கஜா புயலன்று மஞ்சள் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். விடிந்து வந்து பார்த்தபோது கூரை இல்லை. தென்னைகள் குடிசைக்குக் குறுக்கே கிடந்தன. பட்டா இருந்தது. அது இருந்ததால்தான் இன்று வீட்டுத் திட்டத்தில் பெயர் இருக்கிறது. புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்தத் தாளும் இல்லை.

வெண்மணிக்குப் பிறகு இப்பகுதியிலேயே தங்கி, கணவர் ஜெகந்நாதனோடு 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை நிலமற்ற பெண்களின் பெயருக்கு மாற்றியவர் கிருஷ்ணம்மாள். 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருதைப் பெற்ற பிறகும், நிலம் கிடைத்த குடும்பங்களின் குடிசைகளைக் கல் வீடாக்கும் வேலையைத் தொடர்ந்தார். முதலில் நிலம், அதுவும் பெண்ணின் பெயரில். அதன் பிறகு சுவர் என்ற அவருடைய வரிசையின் பொருள் பாட்டியின் மஞ்சள் பையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

எட்டாம் நாள், திங்கள்

பலகை அடிப்பது, கம்பி வளைப்பது, ரிங் மாட்டிக் கட்டுக்கம்பியால் முறுக்குவது. நாள் முழுவதும் இதிலேயே போனது. சன்னல், வாசல்களுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டில் போடாமல், எல்லாச் சுவர்களையும் ஒரு பட்டையாகச் சுற்றி வளைக்கிறோம். காற்று ஒரு சுவரைத் தள்ளும்போது மற்றச் சுவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். மூலைப் பொந்துகளிலிருந்து வரும் கம்பிகளும் இந்தப் பட்டையில் வந்து சேர்கின்றன.

பேத்தி செய்த கவர் பிளாக்குகள் இன்றுதான் வாளியிலிருந்து வெளியே வந்தன. கம்பிக் கூடையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு மூன்றடிக்கும் அடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகக் கட்டினார் மேஸ்திரி. கம்பி பலகையைத் தொடக்கூடாது. தொட்டால் கான்கிரீட் அந்த இடத்தில் கம்பியை மூடாது, ஈரக்காற்று நேரே கம்பிக்குப் போகும். “பக்கத்துத் தெருவு வூட்டுல அண்ணாந்து பாத்தோம்ல, இத வைக்காததும் ஒரு காரணம்” என்றார். பேத்தி மிச்சமிருந்ததை எண்ணிப் பார்த்து, முப்பத்தாறு இருக்கிறது, கூரைக்கு இன்னும் நிறைய வேண்டும் என்றாள்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்

கான்கிரீட். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரைக்கு முடித்தோம். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. கையால் புரட்டிச் சட்டி சட்டியாகக் கைமாற்றினோம். தெருவிலிருந்து அழைக்காமலேயே இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நாங்கள் ஆறு நாட்களில் கற்றுக்கொண்ட வேகம் அவர்களில் மூத்த அம்மா ஒருவரின் கை வேகத்துக்குப் பாதிகூட வராது. அவர்கள் வீடுகளுக்கு இதே வேலை வரும்போது இந்த அக்காவும் போவார். மொய் வைப்பதைப் போல இங்கே உழைப்பைத் திருப்பிச் செய்கிறார்கள்; நாங்கள் அந்த வரிசையில் ஒரு முறை வந்து நிற்பவர்கள், அவ்வளவே.

கம்பியைக் கொண்டு குத்திக் குத்திக் கான்கிரீட்டை இறக்கி, மேற்பரப்பை மேஸ்திரி மட்டப்பலகையால் வழித்தார். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.

மூன்று மணிக்கு ஒன்றியத்திலிருந்து பணி மேற்பார்வையாளர் வந்தார். நாடா பிடித்து உயரம் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்து எலிப்பொறிக் கட்டைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். பொறியாளரின் தாளைக் கொடுத்தோம். பிறகு குடும்பத்தை வீட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லிச் செல்பேசியில் படம் எடுத்தார். பாட்டி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் நடுவில், இடப்புறம் மகள், வலப்புறம் பேத்தி. மருமகன் ஞாயிறு இரவே திருப்பூர் திரும்பிவிட்டதால் படத்தில் இல்லை. அந்தப் படம்தான் அடுத்த தவணைக்கான சான்று. ஐந்து மாதம் எருக்கு முளைத்துக் கிடந்த இடத்திலிருந்து அந்தப் படம் வரைக்கும் வரச் செங்கல், சிமெண்ட், கம்பி, இரண்டு கொத்தனார்களின் கூலி எல்லாம் சேர்த்து நாங்கள் செலவிட்ட பணம், எங்களில் சிலர் வீட்டுத் திருமணத்தில் மேடை அலங்காரத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவு. இதைக் கூடத்தில் இரவு உணவின்போது ஒருவர் சொன்னார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கூரை போடும் பணத்துக்கு இந்தத் தவணை போதுமா என்று அக்காவிடம் கேட்டேன். கம்பிக்குப் போதும், கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையின் வாடகைக்குத்தான் பார்க்க வேண்டும் என்றார். பங்குனியில் எங்களில் நான்கு பேர் திரும்ப வருவதாக முடிவாகியிருக்கிறது. வாடகைக்கான தொகையை இப்போதே மேஸ்திரியிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். வட்டிக்காரரிடம் இன்னொரு முறை போகக்கூடாது.

பத்தாம் நாள், புதன்

காலைப் பேருந்துக்குக் கிளம்புமுன் மனைக்குப் போனோம். லிண்டில் பட்டையின்மேல் இரு பக்கமும் சாந்தால் சிறு வரப்பு கட்டி, நடுவில் தண்ணீர் தேக்கி வைத்திருந்தார்கள். பயிருக்குப் பாத்தி கட்டுவது போலவே இருந்தது. பேத்தி பள்ளிச் சீருடையில் ஏணியின் உச்சியில் நின்று குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கீழே பாட்டி ஏணியைப் பிடித்திருந்தார்.

வாசலுக்கு இடப்புறம் பூச்சில்லாத செங்கல்மேல் சாக்கட்டியால் ஏழு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் தேதியும், காலை, மதியம், மாலை என்று மூன்று கோடுகளும் எழுதியிருந்தாள். ஏணியிலிருந்து இறங்கி வந்து, முதல் கட்டத்தில் ‘காலை’யின்மேல் ஒரு சரி போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள்.